மைக்கை இறுக்கிப் பிடிப்பதா, தொங்க விடுவதா?

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அன்றைக்கு இருபது வயதில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். முத்துப் பார்கள் எங்கே இருந்தன, எத்தனை பாகம் ஆழம், மேலே தோணியில் கயிறு பிடித்தவர் யார் என்றெல்லாம் சொந்த நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுக்கும் இதே கதைதான். வேலை மாறியதும் பாட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஆகவே ஊரில் ஆர்வமுள்ள சிலர் ஒரு ரெக்கார்டரும் ஒரு மைக்கும் வாங்கிக்கொண்டு பெரியவர்களைத் தேடிப் போகிறார்கள். நல்ல விஷயம். அப்படிப் பதிவுசெய்த சிலவற்றைக் கேட்டுச் சரிசெய்து தரும் வேலை அவ்வப்போது எனக்கு வரும். அதில் திரும்பத் திரும்பப் பார்க்கிற நோய் ஒன்று உண்டு. தெருச் சத்தம் இல்லை, காகம் இல்லை, குக்கர் விசில் இல்லை. அடியில் ‘தும்... தும்...’ என்று ஒரு இடி. தாத்தா நாற்காலியில் அசையும்போது, மேஜையில் கையை வைக்கும்போது, வெளியே லாரி போகும்போது வருகிற இடி.

காகச் சத்தத்தோடு வாழ்ந்துவிடலாம். இந்த இடி அப்படி இல்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் போச்சு என்று நினைப்போம். ஆனால் ஒரு தட்டலின் ஆற்றல் ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை, மேலே 150, 200 வரை பரவும். ஆண் குரலின் அடிச்சுருதி கிட்டத்தட்ட 85-லிருந்து 150 வரை அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. இடியை வெட்டினால் குரலின் நெஞ்சும் சேர்ந்து போகும். இடி ரொம்பப் பெரிதாக இருந்து ரெக்கார்டரின் எல்லையைத் தாண்டிவிட்டால் அந்த நொடியில் சொன்ன சொல் சிதைந்தது சிதைந்ததுதான். எந்த மென்பொருளும் அதை முழுசாகத் திருப்பித் தராது.

இதற்கு எல்லோரும் சொல்கிற மருந்து ‘ஷாக் மவுண்ட் வாங்குங்க’. மைக்கை ரப்பர் நாடாக்களில் சிலந்தி வலை மாதிரித் தொங்கவிடும் அந்த வளையம். அது எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது, எப்போது நிலைமையை இன்னும் மோசமாக்கும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மூன்றாவதும் உண்மையிலேயே நடக்கும்.

மைக்குக்கு எது சத்தம்?

மைக்கின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. சவ்வுக்கும் அதைத் தாங்கும் உடலுக்கும் இடையே நடக்கிற அசைவைத்தான் மைக் மின்சாரமாக மாற்றுகிறது. காற்று வந்து சவ்வைத் தள்ளினால் அது சத்தம். ஆனால் ஸ்டாண்ட் வழியாக அதிர்வு வந்து உடலை ஆட்டினால்? சவ்வு தன் நிலைமத்தால் கொஞ்சம் பின்தங்கும். உடல் நகர்ந்தது, சவ்வு நின்றது. மைக்கின் கணக்கில் இதுவும் சத்தம்தான். வித்தியாசம் கண்டுபிடிக்க அதனிடம் வழியே இல்லை.

இதிலிருந்து சில விஷயங்கள் தானாக வருகின்றன. சவ்வு கனமாக இருந்தால் அதிகம் பின்தங்கும். டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒரு செப்புக் கம்பிச் சுருளும் ஒட்டியிருப்பதால் அது இந்த விஷயத்தில் பலவீனம். அதனால்தான் ஷூர் எஸ்எம்58 மாதிரி கையில் பிடிக்கிற மைக்குகளுக்கு உள்ளேயே ஒரு காற்று மெத்தை வைத்திருக்கிறார்கள். கண்டென்சர் மைக்கின் சவ்வு வெறும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், ஆகவே அதிர்வு அதிகம் ஒட்டாது. ஆனால் கண்டென்சர் மெல்லிய சத்தத்தையும் எடுப்பதால் நாம் அதை உயர்த்தி வைக்கிறோம், இடியும் கூடவே உயர்கிறது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு வகையை விட எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி வகை அதிர்வைப் பொறுத்துக்கொள்ளும். ரிப்பன் மைக் இருப்பதிலேயே தொட்டாற்சிணுங்கி.

இன்னொன்று, திசை. சவ்வின் முகத்துக்கு நேராக வரும் அசைவுதான் அதிகம் பதியும். சவ்வு சுவரைப் பார்த்தபடி நிமிர்ந்து நிற்கும்போது தரை மேலும் கீழும் அதிர்ந்தால் பாதிப்பு குறைவு. அதே மைக்கைப் பாடகரின் தலைக்கு மேலே கவிழ்த்து வைத்தால் தரையின் அதிர்வு நேராக முகத்தில் அறையும். நீளமான பூம் கம்பியின் நுனியில் வைத்தால் கேட்கவே வேண்டாம், தூண்டில் கம்பு மாதிரி அது எல்லா அசைவையும் பெரிதாக்கிக் கொடுக்கும்.

ஸ்கேலும் ஒரு வர்க்கமூலமும்

ஷாக் மவுண்ட் என்பது ஒரு எடை, ஒரு ஸ்பிரிங். எடை மைக், ஸ்பிரிங் ரப்பர். தொட்டில் மாதிரி இதற்கும் சொந்தமாக ஒரு ஆட்ட வேகம் இருக்கும், அதை இயல்பு அதிர்வெண் என்போம். மவுண்டின் குணம் முழுவதும் இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது. விசித்திரம் என்னவென்றால் இதைப் பெட்டியில் போடுகிற கம்பெனிகள் ரொம்பக் குறைவு.

பரவாயில்லை, நாமே கண்டுபிடிக்கலாம். மைக்கை மாட்டாமல் வளையத்தின் நடுப்பகுதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மைக்கை மாட்டியதும் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். 15.8-ஐ அந்த மில்லிமீட்டரின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதுதான் இயல்பு அதிர்வெண், ஹெர்ட்ஸில். 1 மி.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 16. இரண்டரை மி.மீ. என்றால் 10. 4 மி.மீ. என்றால் 8. ஐந்து ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 10 மி.மீ. இறங்க வேண்டும். ரப்பர் வேகமான அசைவுக்குக் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும் என்பதால் உண்மையான எண் இதைவிடச் சற்று மேலே இருக்கும். ஆனால் முடிவெடுக்க இது போதும்.

பத்து ஹெர்ட்ஸ் மவுண்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டில் 3 ஹெர்ட்ஸ் அசைவு வந்தால் மவுண்ட் ஒன்றும் செய்யாது. ஸ்டாண்டோடு சேர்ந்து மைக்கும் அசையும். 10 பக்கம் வந்தால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற கதைதான், ஸ்டாண்ட் ஆடுவதை விட மைக் அதிகமாக ஆடும். 14-ஐத் தாண்டிய பிறகுதான் லாபம் ஆரம்பம். 20 ஹெர்ட்ஸில் வருகிற அதிர்வில் மூன்றில் ஒரு பங்குதான் மைக்கைச் சேரும், அதாவது சுமார் 9.5 டெசிபல் குறைவு. 40-ல் பதினைந்தில் ஒரு பங்கு. 100-ல் கணக்குப்படி நூறில் ஒரு பங்கு, 40 டெசிபல். நிஜத்தில் இவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது. ரப்பரின் உராய்வும் கேபிளும் கொஞ்சம் திருடிக்கொள்ளும். கேபிளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இறுக்கமான கிளிப்புக்கு இந்த ஏற்ற இறக்கம் எதுவும் கிடையாது. ஸ்டாண்ட் என்ன செய்கிறதோ அதையே மைக்கும் செய்யும். கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. சில நேரம் அந்த நேர்மைதான் நமக்கு வேண்டியது.

நம்ம ஊரில் எது ஆடுகிறது?

‘ஷாக் மவுண்ட் நல்லதா?’ என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் இல்லை. எந்த அதிர்வு, எத்தனை ஹெர்ட்ஸ், எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால்தான் பதில்.

முதலில் லாரி. துறைமுகத்துக்குப் போகிற சாலைகளின் ஓரம் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஜன்னல் கண்ணாடி பேசும். இப்படித் தரை வழியாக வரும் அதிர்வு பெரும்பாலும் 5-லிருந்து 25 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும், அதிலும் 10-15 பக்கம் அதிகம். மேலே சொன்ன மவுண்ட் கணக்கை இதன் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு மி.மீ. மட்டும் இறங்குகிற விறைப்பான மவுண்ட் (16 ஹெர்ட்ஸ்) லாரிக்கு எதிராக எதுவும் செய்யாது, இன்னும் சொல்லப்போனால் உதவி செய்யும், லாரிக்கு. நாலு மி.மீ. இறங்குகிற தளர்வான மவுண்டுக்குத்தான் இங்கே ஏதாவது பலன் கிடைக்கும்.

இரண்டாவது வள்ளம். பெரியவரைக் கடலுக்கே கூட்டிப்போய்ப் பார் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும் என்று சிலருக்கு ஆசை. நியாயமான ஆசைதான். நாலு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, ஆக நிமிஷத்துக்கு 750, நொடிக்கு 12.5. பத்து ஹெர்ட்ஸ் மவுண்டில் இது கிட்டத்தட்ட 1.8 மடங்காகப் போய்ச் சேரும். குறைப்பதற்குப் பதிலாக 5 டெசிபல் கூட்டிக் கொடுக்கும். அதே என்ஜினை 3000-க்கு முடுக்கினால் வெடிப்பு 25 ஹெர்ட்ஸ், அப்போது அதே மவுண்ட் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைக்கும். மெதுவாகப் போகும்போது மோசம், வேகமாகப் போகும்போது நல்லது! என்ஜினிலிருந்து வேறு அதிர்வுகளும் வரும், அவையெல்லாம் இதற்கு மேலேதான். ஆனால் முதல் அடி இந்த வெடிப்புதான். வள்ளத்தில் பதிவுக்குச் சரியான மவுண்ட் என்ன என்று கேட்டால் என் பதில், என்ஜினை அணைப்பது. அதுவும் முடியாவிட்டால் ஸ்டாண்டே வேண்டாம், மைக்கை ஒருவர் கையில் பிடித்துக்கொள்ளட்டும். முழங்கை மடிந்த மனிதக் கை எந்த ரப்பர் வளையத்தையும் விடத் தளர்வான ஸ்பிரிங். விரல்களை மட்டும் அசைக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது சீலிங் ஃபேன். மே மாதத்தில் எண்பது வயசுக்காரரிடம் போய் ஃபேனை அணைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஃபேன் நிமிஷத்துக்கு 350 சுற்று சுற்றினால் நொடிக்கு 6 தடவைக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று இறக்கை என்றால் காற்று மைக்கை நொடிக்கு 17 தடவைக்கு மேல் தொடும். இது காற்று வழியாக வருவது. ஷாக் மவுண்ட் இதைத் தொடவே முடியாது. தளர்வான மவுண்டில் மைக் காற்றுக்கு லேசாகத் தலையாட்டும் என்பதால் இன்னும் கெடும். இங்கே தேவை பஞ்சு உறையும், ஃபேனுக்கு நேர் கீழே உட்காராமல் இருப்பதும்தான். இந்த வித்தியாசத்தைக் குழப்பிக்கொண்டுதான் பலர் காசைச் செலவழிக்கிறார்கள். கப்பலின் ஊதல், கடற்காற்று, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் காற்று வழி வருபவை. அவற்றுக்கும் ரப்பருக்கும் சம்பந்தமில்லை.

நான்காவது, ஷாக் மவுண்ட் அள்ளிக்கொண்டு ஜெயிக்கிற இடம். ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், பழைய டியூப் லைட் சோக் எல்லாம் 100 ஹெர்ட்ஸில் முனகும். நம்முடைய மின்சாரம் 50, இரும்பு ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை இழுபடும், ஆகவே 100. அது உட்கார்ந்திருக்கிற அலமாரியில் மைக் ஸ்டாண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் மரம் வழியாக நேரே வந்து சேரும். 10 ஹெர்ட்ஸ் மவுண்டுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. மேஜையில் விரல் தட்டுவது, மவுஸ் கிளிக், பேப்பர் வைப்பது, நாற்காலி கிரீச்சிடுவது எல்லாமே இந்த வகைதான். பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை (90.4) மாதிரியான சமுதாய வானொலி ஒன்றில் மேஜையோரம் பேச உட்காருகிறீர்கள் என்று வையுங்கள். பேசுகிறவர் பயிற்சி பெற்ற அறிவிப்பாளராக இருக்க மாட்டார், உணர்ச்சி வந்தால் மேஜையில் தட்டுவார். தட்டத்தான் வேண்டும், அதுதான் பேச்சு. அங்கே ஷாக் மவுண்ட் பற்றி யோசிக்கவே வேண்டாம், மாட்டிவிடுங்கள்.

வில்லும் பலகையும்

தென்மாவட்டத்துக்கே உரிய ஒரு பிரச்சினையைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு. சுப்பு ஆறுமுகம் அதற்காகவே 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர், அதற்கு அடுத்த வருஷம் மறைந்தார். வில் ஒரு குடத்தின் மேல் அமர்ந்திருக்கும், புலவர் வீசுகோலால் நாணில் அடிப்பார், வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும், பக்கத்தில் ஒருவர் குடத்தை அடித்துக்கொண்டிருப்பார், உடுக்கை, தாளம், கட்டை என்று குழு முழுவதும் தரையில் உட்கார்ந்திருக்கும். பல இடங்களில் அந்தத் தரை என்பது சாரத்தின் மேல் போட்ட பலகை. மைக் ஸ்டாண்டும் அதே பலகையில்தான் நிற்கும்.

குடத்தின் அடி இரண்டு வழியில் மைக்கை அடைகிறது. காற்று வழியாக வருவது வட்டமான, இனிமையான ‘கும்’. பலகை வழியாக வருவது மந்தமான, வடிவமில்லாத ‘தொப்’. பலகையில் அதிர்வு காற்றில் போகிற வேகத்தில் போவதில்லை, எனவே இரண்டும் ஒரே சமயத்தில் சேர்வதுமில்லை. இரண்டும் கலந்தால் குடம் தன் குரலை இழந்துவிடும். தாளத்தை வெட்டாமல் ‘தொப்’பை மட்டும் வெட்ட வேண்டும். ஃபில்டரால் முடியாது, ஷாக் மவுண்டால் முடியும். அம்பாப் பாட்டைத் தொடையில் தட்டிக்கொண்டு பாடுகிற தாத்தாவுக்கும் இதே நியாயம். அந்தத் தட்டல் பாட்டின் பாதி. அது காற்றில் வரட்டும், நாற்காலிக் காலும் தரையும் ஸ்டாண்டும் வழியாக வர வேண்டாம்.

இன்னும் நல்ல வழி, ஸ்டாண்டைப் பலகையில் வைக்காமல் மேடைக்கு வெளியே மண்ணில் ஊன்றிப் பூம் கம்பியை உள்ளே நீட்டுவது. அதிர்வு ஏறுகிற படியையே எடுத்துவிட்டால் அப்புறம் எந்த மவுண்ட் என்பது இரண்டாம் பட்சம்.

இறுக்கமே நல்லது என்கிற இடங்கள்

முறையாகக் கட்டிய ஸ்டுடியோக்கள் பலவற்றில் தரையே ரப்பர் அல்லது கண்ணாடிக் கம்பளி மேல் மிதக்கும், அறைக்குள் அறை. அங்கே கட்டடமே ஒரு ஷாக் மவுண்ட். கனமான ஸ்டாண்ட், தரைத்தளத்து காங்கிரீட், அசையாமல் நின்று பாடுகிற ஆள் என்றால் இறுக்கமான கிளிப்பில் இழப்பு எதுவும் இல்லை.

இரண்டு மைக்கைச் சேர்த்து ஸ்டீரியோ பதிவு செய்யும்போது கோணமும் இடைவெளியும் மில்லிமீட்டர் சுத்தமாக நிற்க வேண்டும். தளர்வான ரப்பரில் ஒன்று அரை மணி நேரத்தில் தலை கவிழும், மற்றது கவிழாது. அப்போது இரண்டையும் ஒரே இறுக்கமான சட்டத்தில் பிடித்து, அந்தச் சட்டம் முழுவதையும் சேர்த்து ஒரே மவுண்டில் தொங்கவிடுவது புத்திசாலித்தனம். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் மிக அருகில் வைக்கும் மைக்குக்கும் இறுக்கமே வசதி. அங்கே நேரடிச் சத்தமே அவ்வளவு பெரிது, ஸ்டாண்ட் வழி வருவது அதில் அமுங்கிப்போகும். ஷூர் எஸ்எம்7பி மாதிரி உள்ளேயே அதிர்வுத் தடுப்பு உள்ள மைக்குக்கு வெளியே இன்னொரு வளையம் போடுவது வேட்டிக்கு மேல் வேட்டி. அதன் எடை முக்கால் கிலோவுக்கு மேல், வளையமும் சேர்ந்தால் மலிவான பூம் ஸ்டாண்ட் கும்பிடு போட்டுவிடும்.

மைக்கின் உடலை அசையாமல் பிடித்தால்தான் சவ்வின் நுட்பமான அசைவு சுத்தமாகப் பதியும், ரப்பரில் மிதந்தால் உடலும் சேர்ந்து பின்வாங்கி ஒலியின் கூர்மை போய்விடும் என்று ஒரு கட்சி உண்டு. இயற்பியலில் அது தப்பில்லை. அளவுதான் கேள்வி. அரை கிலோ உடலுக்கு முன்னால் ஒரு கிராமில் சின்னஞ்சிறு பங்கு எடையுள்ள சவ்வு எவ்வளவு தள்ளிவிடும்? என் காதுக்கு அதில் வித்தியாசம் ஒருமுறையும் கேட்டதில்லை. லாரி கேட்டிருக்கிறது.

பழைய படங்களில் தலைவர்கள் பேசும்போது முன்னால் ஒரு இரும்பு வளையம், அதன் நடுவில் நாலு ஸ்பிரிங்கில் தொங்கும் மைக் பார்த்திருப்பீர்கள். அது கார்பன் மைக். உள்ளே இருக்கிற கரித்தூள் தன் இடத்தில் நெருங்கி நிற்பதில்தான் அதன் பிழைப்பு, தட்டினால் தூள் கலைந்து கரகரக்கும். தொங்கவிடும் பழக்கம் அங்கிருந்து வருகிறது. மைக் மாறிய பிறகும் வளையம் ஒரு கௌரவச் சின்னமாகத் தங்கிவிட்டது. இன்றைக்கு யூடியூப் சேனல்களில் தெரிகிற வளையங்களில் பாதி அந்தக் கௌரவத்துக்காக மட்டும்தான் என்று தோன்றும்.

எடை பொருந்த வேண்டும்

ஒரு மைக்கின் வளையத்தை இன்னொரு மைக்குக்கு மாட்டுவது நம்மிடம் சகஜம். விட்டம் பொருந்தினால் போதும் என்று நினைக்கிறோம், பொருந்த வேண்டியது எடை. அரை கிலோ எடையுள்ள நாய்மன் யு 87 மாதிரியான மைக்குக்குச் செய்த ரப்பர், அந்த எடையில் 8 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அதிலேயே 125 கிராம் சின்ன மைக்கை மாட்டினால் எடை நாலில் ஒன்று, இயல்பு அதிர்வெண் இரண்டு மடங்காகி 16 ஆகிவிடும். பார்ப்பதற்குத் தொங்குகிறது, வேலை செய்வது லாரிக்கு. இதற்கு ஒரு நாட்டு வைத்தியம், மைக்கின் உடலில் கொஞ்சம் எடையைக் கட்டுவது. வலைக்குக் கோர்க்கிற ஈயக் குண்டுகளைத் துணியில் சுற்றி, காற்றுத் துளைகளை மறைக்காமல் கட்டினால் நன்றாகவே வேலை செய்யும்.

ஸ்டாண்டின் காலுக்கும் எடை நல்லது. மணல் மூட்டை போடுங்கள், மணல் எடையும் தரும், அதிர்வையும் தின்னும். ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உப்பு மூட்டை மட்டும் வேண்டாம்!

மவுண்டே வாங்காமல் சமாளிக்கவும் முடியும். ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் கீழே தடித்த ஸ்பாஞ்சு, அதன் மேல் ஒரு பலகை, பலகையில் ஸ்டாண்ட். மொத்த எடையும் ஸ்பாஞ்சை அழுத்துவதால் இறக்கம் பத்து மி.மீ.க்கு மேலேயே எளிதாகக் கிடைக்கும், ஐந்து ஹெர்ட்ஸ் வந்துவிடும். பெரும்பாலான கடை மவுண்டுகளை விட நல்லது. ஸ்பாஞ்சு முழுசாக நசுங்கிவிடக் கூடாது. நசுங்கிவிட்டால் அது ஸ்பிரிங் இல்லை, அட்டை.

கடற்கரையில் ரப்பரின் ஆயுசு

உப்புக்காற்று ரப்பரைத் தின்னும் என்பார்கள். உப்பு தின்பது திருகாணியையும் ஸ்பிரிங்கையும். ரப்பரைக் கொல்வது வெயில், சூடு, காற்றிலுள்ள ஓசோன். அதுவும் இழுத்துக் கட்டிய நிலையில் இருக்கிற இயற்கை ரப்பரில்தான் குறுக்கே விரிசல் சீக்கிரம் விழும். ஆகவே வேலை முடிந்ததும் மைக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். நாடாவை விரல் நகத்தால் இழுத்துப் பார்த்து மெல்லிய கோடுகள் தெரிந்தால் மாற்றுங்கள். தையல் சாமான் கடை அண்ணாச்சியிடம் துணி உறை போட்ட உருட்டு எலாஸ்டிக் மீட்டர் கணக்கில் கிடைக்கும், பெரும்பாலான வளையங்களுக்கு அது போதும். சைக்கிள் ட்யூபை மெல்லிய பட்டைகளாக வெட்டியும் செய்யலாம். ட்யூபில் ப்யூட்டைல் என்று போட்டிருந்தால் ரொம்ப நல்லது, ஓசோனுக்கு அசையாது, ஆட்டத்தையும் தானே தணித்துக்கொள்ளும். ரைகோட் கம்பெனி ரப்பரையே விட்டுவிட்டு யாழ் வடிவத்தில் வளைந்த பிளாஸ்டிக் பட்டையில் மைக்கைத் தாங்குகிறது. தளர்ந்துபோகாத வடிவம் என்பதால் நம்ம வெயிலுக்கு அது தோதானது, விலைதான் தோதில்லை.

தண்ணீருக்குள்ளும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் கடலின் சத்தத்தைப் பதிவு செய்ய ஹைட்ரோஃபோனை வள்ளத்திலிருந்து நேரே கயிற்றில் இறக்கினால், அலை வள்ளத்தைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அது மேலும் கீழும் இழுபடும். ஆழம் மாறினாலே அழுத்தம் மாறும், அதையும் அது சத்தமாகவே எழுதும். மிதவையிலிருந்து எலாஸ்டிக் கயிறு, அதன் கீழே ஒரு எடை, அதை ஒட்டி ஹைட்ரோஃபோன் என்று தொங்கவிடுவார்கள். அலை ஒன்றுக்கு நாலைந்து நொடி, ஆகவே மில்லிமீட்டர் இறக்கம் போதாது. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் மீட்டர் கணக்கில் இழுபடுகிற கயிறு தேவைப்படும்.

எப்படிச் சோதிப்பது?

போகிற இடத்தில் பத்து நிமிஷம் முன்னாடியே போய்விடுங்கள். மைக்கை இறுக்கமான கிளிப்பில் மாட்டி, யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் பதிவு. அதே இடம், அதே அளவு வைத்து ஷாக் மவுண்டில் ஒரு நிமிஷம். மூன்றாவதாக, மைக்கை ஒரு பழைய துணியில் தூளி மாதிரிப் போட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம். மூன்றிலும் ஒரே உறுமல் இருந்தால் அது காற்றில் வருவது. மவுண்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஜன்னலையும் இடத்தையும் பாருங்கள். முதலில் மட்டும் இருந்தால் மவுண்ட் தன் வேலையைச் செய்கிறது. முதல் இரண்டிலும் இருந்து தூளியில் இல்லாவிட்டால், மவுண்ட் உங்கள் மைக்குக்கு விறைப்பு. ரொம்ப அபூர்வமாக இரண்டாவதில்தான் அதிகம் இருக்கும், அப்போது பேசாமல் கிளிப்புக்குத் திரும்பிவிடுங்கள்.

கேபிளுக்கு வருகிறேன். எவ்வளவு நல்ல வளையமாக இருந்தாலும், தடித்த எக்ஸ்எல்ஆர் கேபிளை மைக்கிலிருந்து நேராக இழுத்து ஸ்டாண்டில் விறைப்பாகச் சுற்றினால் எல்லாம் வீண். ரப்பரைச் சுற்றிக்கொண்டு அதிர்வு கேபிள் வழியாக ஏறிவிடும். மைக்குக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குக் கேபிள் தொங்கலாக வளைந்து வரட்டும். அதற்கப்புறம் மவுண்டின் வெளிச் சட்டத்தில் ஒரு நூலால் கட்டுங்கள், பிறகு ஸ்டாண்டில் இறங்கட்டும். மெல்லிய, வளைகிற கேபிள் ஒன்றரை அடிக்குத் தனியாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கட்டியதும் ஸ்டாண்டின் காலை விரல் கணுவால் ஒருமுறை தட்டி ஹெட்ஃபோனில் கேளுங்கள். பிறகு தாத்தாவைப் பேசச் சொல்லலாம்.